மூன்று மடங்கு வேகம்

அரிசி ஆலைகளில் கலர் சார்ட்டர் என்று ஓர் இயந்திரம் உண்டு. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். உச்சியில் கொட்டும் அரிசி சரிவான தகட்டில் வழுக்கிக்கொண்டு வந்து, கேமராக்களுக்கு முன்னால் அந்தரத்தில் விழும். கேமரா பார்க்கும் இடத்துக்கு நான்கு விரற்கடை கீழே வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். கருப்போ பழுப்போ கல்லோ வந்தால், அந்தத் துளையிலிருந்து காற்று பீச்சி அதை மட்டும் தனிக் குழாய்க்குத் தள்ளிவிட வேண்டும். ஓர் அரிசி கேமராவைத் தாண்டித் துளைக்கு வர ஆகும் நேரத்தில் நம்மால் கண்ணைக்கூட இமைக்க முடியாது. அதற்குள் அது நல்லதா கெட்டதா என்று முடிவு சொல்லியாக வேண்டும். அந்த முடிவைச் சொல்லும் நிரலை எழுதுவதுதான் என் பிழைப்பு.

தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரிச் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மாடியில், எட்டுப் பேர் வேலை பார்க்கும் அலுவலகம் எங்களுடையது. ஆலைகளில் இருக்கும் பழைய சார்ட்டர்களின் போர்டைக் கழற்றிவிட்டு எங்கள் போர்டை மாட்டிக் கொடுப்போம். உடம்பு பழையதாகவே இருக்கும், மூளை மட்டும் புதிது. முதலாளியை சார் என்போம். நிரல் எழுதுகிறவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருவர் என்னோடு ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். சீர்காழிக்குக் கிழக்கே கடலோரத்துக்காரர். அவர் வீட்டில் அப்பா, அண்ணன், மாமன் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். என் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். என் அப்பாவும் அம்மாவும் பல வருடம் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போய், பிறகு ஒன்றரை ஏக்கரைச் சொந்தமாக்கிக்கொண்டவர்கள். வீட்டில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான்.

எங்கள் இருவருக்கும் ஒரே வயது. ஒருவரை ஒருவர் 'நீங்க' போட்டுத்தான் பேசுவோம். ஆனால் குணம் நேரெதிர். ஒரு சோதனையை ஓடவிட்டால் அவர் கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்திருப்பார். முடிந்ததும் அதே சோதனையை மறுபடி ஓடவிடுவார். மறுபடியும். எனக்கு உட்காரவே வராது. அது ஓடும் ஐந்து நிமிடத்தில் படிக்கட்டுக்கும் தண்ணீர்க் கேனுக்கும் இடையே இருபது தடவை நடந்துவிடுவேன். எண் வந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு யாரிடமாவது ஓட வேண்டும். சின்ன வயதில் மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு வயல் வரப்பில் ஓடிய பழக்கம் அது. விடவே இல்லை.

போன தை மாதம், சம்பா அறுப்பு தொடங்கியிருந்த நேரம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஆலை ஒன்றிலிருந்து சாரைக் கேட்டார்கள். மணிக்கு மூன்று டன் ஓடும் சார்ட்டரை நாலரை டன் ஓட்ட முடியுமா என்று. போர்டையே மாற்றினால் முடியும், ஆனால் அது பெரிய வேலை, நாளாகும். நெல் அதுவரை காத்திருக்காது.

"கம்பைலரை மாத்திப் பார்க்கலாம் சார்" என்றேன்.

நாங்கள் எழுதும் நிரல் மனிதர் படிக்கக்கூடிய மொழியில் இருக்கும். அதை இயந்திரத்துக்குரிய கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள்தான் கம்பைலர். ஒரே நிரலை இரண்டு கம்பைலர்களிடம் கொடுத்தால், இரண்டின் கட்டளைகளும் ஒரே வேலையைத்தான் செய்யும். ஆனால் ஒன்று சுற்றிக்கொண்டு போகும், இன்னொன்று குறுக்கே போகும். நாங்கள் வருடக்கணக்காக ஒரே கம்பைலரைத்தான் பயன்படுத்திவந்தோம். அதன் பிறகு வந்தது ஒன்று இருந்தது, இலவசம். சிப்பு விற்கிறவர்கள் காசுக்குத் தரும் மூன்றாவது ஒன்றும் இருந்தது. அதைச் சில நாள் சோதித்துப் பார்க்க விட்டார்கள். மூன்றையும் ஓட்டப் பந்தயத்தில் விட்டுப் பார்க்கிறேன் என்று சாரிடம் சொன்னேன். இரண்டு நாள் கொடுத்தார்.

ஆலையில் எடுத்த அரிசிப் படம் ஒன்றைப் போர்டில் ஏற்றினேன். அரிசியை எடைபோடும் பகுதியை, அதாவது நல்லது கெட்டது என்று முடிவு சொல்லும் எழுபது வரியை, ஒரு லட்சம் தடவை ஓடவிட்டேன். தொடங்கும்போது மணி பார்த்து, முடியும்போது மணி பார்த்து, கழித்துச் சொல்லும்படி எழுதியிருந்தேன். பழைய கம்பைலரை முதலில் ஓட்டினேன். காசுக்கு வந்தது அதைவிடக் கொஞ்சம் தேவலை. மூன்றாவதாகப் புதியதை ஓடவிட்டு, படிக்கட்டுப் பக்கம் நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அது எப்போதோ முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தது. பழையது எடுத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குதான்.

நாற்காலியில் உட்காராமலேயே மறுபடி ஒருமுறை ஓடவிட்டேன். அதே எண். நேராக சாரின் அறைக்குப் போனேன்.

"மூணு மடங்கு சார். ஒரு வரிகூட மாத்த வேண்டாம். கம்பைலர் மட்டும்."

அவரும் எழுந்துவிட்டார். என்னோடு வேலை பார்ப்பவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். அவர் குனிந்து எண்களைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மூணு மடங்கா? கம்பைலர் மாத்தினா பத்துல ஒரு பங்கு வரும். மிஞ்சிப் போனா அஞ்சுல ஒண்ணு. மூணு மடங்கெல்லாம் வராதுங்க."

"வந்திருக்கே. நீங்களே ஓட்டிப் பாருங்க."

"ஓட்டினா இதேதான் வரும். நான் சொல்றது அது இல்ல. நிஜ அரிசியை விட்டு ஒருநாள் பார்த்துட்டு அப்புறம் சொல்லலாம் சார்."

சார் என் பக்கம் திரும்பினார். அந்த இடத்தில் நான் சொன்னதை இன்று நினைத்தாலும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுகிறேன். "தேவையில்ல சார். படம் நிஜ அரிசியோட படம்தான். எண்ணு எண்ணுதான்" என்றேன். அவருக்குப் பொறாமை என்று நினைத்தேன். சார் அதைச் சோம்பல் என்று நினைத்தார் போலும். "எல்லாத்துக்கும் ஒருநாள் கேட்டா எப்படி?" என்று அவரிடம் சொல்லிவிட்டு, என் முன்னாலேயே ஆலைக்குப் போன் போட்டார். நாலரை டன் தாராளமாக ஓடும் என்றார்.

மறுநாள் புதிய கம்பைலரில் தயாரான நிரலைக் கொடுத்து, ஒருநாள் கேட்டவரைத்தான் திருத்துறைப்பூண்டிக்கு அனுப்பினார்கள். ஏற்றிவிட்டு, அரிசி விழும் வேகத்தை நாலரைக்குக் கூட்டிவைத்துவிட்டு வருவதாகத்தான் ஏற்பாடு. அவர் வரவில்லை. மாலையில் ஆலையிலிருந்து போன் வந்தது. நல்ல அரிசியில் கருப்பு வருகிறது. அடுத்த நாளும் வந்தது. தஞ்சாவூர்க் கடைக்குப் போன மூட்டைகள் திரும்பி வந்துவிட்டன என்று மூன்றாம் நாள் சொன்னார்கள்.

"நாசில் செட்டிங்தான் பிரச்சினை. காத்து அடிக்கிற கோணம் சரியில்ல" என்று சார் அவரிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒவ்வொண்ணா கழட்டிப் பாருங்க. சரியாகிற வரைக்கும் அங்கேயே இருங்க."

நாசில் என்பது அந்தக் காற்றுத் துளை. ஓர் இயந்திரத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கும்.

நான் திருவையாற்றில் குடியிருக்கிறேன். அந்த வாரம் ஊரில் இசை விழா. ஆற்றுப் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. எங்கிருந்தெல்லாமோ கார்கள் வந்து நின்றிருந்தன. அடுத்த நாள் காலை பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, 'படம் நிஜம்தானே, பிறகு ஏன்' என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு வரியும் காதில் ஏறவில்லை. பாதிப் பாலத்தில் இறங்கி நடந்தேன். அலுவலகம் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, நடந்து என்ன ஆகப்போகிறது என்பது கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் உறைத்தது. அதே பேருந்து பின்னாலேயே வந்தது. கண்டக்டர் சிரித்துக்கொண்டே ஏற்றிக்கொண்டார்.

அன்று மத்தியானம் என் சோதனையைத் திறந்தேன். அந்தப் படத்தில் எத்தனை அரிசியைக் கெட்டது என்று சொல்கிறது, ஆலையில் வரும் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க நினைத்தேன். கடைசியில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். கெட்ட அரிசியின் எண்ணிக்கையைத் திரையில் காட்டு. அவ்வளவுதான். ஓடவிட்டு நடக்கப் போனேன்.

திரும்பி வந்தால் அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. படிக்கட்டு வரை மறுபடி போய்வந்தேன். இன்னும் ஓடியது. முடிந்தபோது பார்த்தேன். பழைய கம்பைலரின் நேரத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

திரையில் காட்டுவதால் தாமதமாகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அது அபத்தம் என்று எனக்கே தெரியும். ஒரு எண்ணைக் காட்ட எவ்வளவு நேரம் ஆகும்? அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டினேன். மூன்று மடங்கு வேகம். சேர்த்தேன். வேகம் போய்விட்டது. எடுத்தேன். வந்தது.

கம்பைலர் தயாரித்த கட்டளைகளை வரிவரியாகக் காட்டச் சொல்லலாம். அதுவரை நான் அதைச் செய்திருக்கவில்லை. செய்தேன். ஒவ்வொரு சுற்றிலும் படத்தைப் போர்டின் நினைவகத்துக்கு எடுத்துவரும் பகுதி இருந்தது, நான் பார்த்த நேரமெல்லாம் அதற்குத்தான் போயிருந்தது. ஒரு லட்சம் தடவை சுற்றும் பகுதி இருந்தது. நடுவில் அரிசியை எடைபோடும் என் எழுபது வரி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு கட்டளைகூட இல்லை.

பிறகு புரிந்தது. என் சோதனையில் முடிவு சொல்லும் பகுதியை ஓடவிட்டேனே தவிர, அது சொன்ன முடிவை நான் எங்கேயும் பயன்படுத்தவில்லை. நல்லது என்றாலும் கெட்டது என்றாலும் கேட்க ஆளில்லை. புதிய கம்பைலர் அதைக் கண்டுபிடித்துவிட்டது. யாருக்கும் வேண்டாத விடைக்கு எதற்குக் கணக்குப் போடுவது என்று அந்த வேலையையே தூக்கிப் போட்டுவிட்டது. கம்பைலர் செய்தது தப்பே இல்லை. அதற்கு அப்படித்தான் சொல்லித் தந்திருக்கிறார்கள். பழையதும் காசுக்கு வந்ததும் அவ்வளவு தூரம் ஆராயாமல், சொன்ன வேலையை ஒரு லட்சம் தடவையும் ஒழுங்காகச் செய்து நேரத்தைக் காட்டின. நான் வேலை செய்கிற இரண்டு பேரையும் வேலை செய்யாத ஒருவரையும் ஓடவிட்டு, செய்யாதவருக்கு மாலை போட்டிருந்தேன்.

ஆலையில் அப்படி இல்லை. அங்கே முடிவு காற்றுத் துளைக்குப் போகிறது, அதனால் எந்தக் கம்பைலரும் அதைத் தூக்கிப் போட முடியாது. அங்கே புதியதும் கிட்டத்தட்ட பழைய வேகத்தில்தான் ஓடும். நாலரை டன் அரிசி கொட்டும்போது அத்தனைக்கும் முடிவு சொல்லி முடிப்பதற்குள் கருப்பு துளையைத் தாண்டிப் போய்விடும். காற்று அதற்குப் பின்னால் வரும் நல்ல அரிசியை அடிக்கும். அங்கே அவர் மூன்று நாளாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கும் நாசில்களில் ஒன்றும் கோளாறு இல்லை.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சாரின் அறை பத்தடி தூரம். எண் கிடைத்தபோது அந்தப் பத்தடியை எப்படிக் கடந்தேன் என்று எனக்குத் தெரியும். இப்போது எழுந்து தண்ணீர் குடித்தேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். என் கணவர் எதையோ இரண்டு தடவை கேட்டும் நான் பதில் சொல்லவில்லை. "உடம்பு சரியில்லையா?" என்றார். தலைவலி என்றேன்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஆலை முதலாளியே சாரிடம் பேசினார். நான் சாரின் மேசைக்கு எதிரில் நின்றிருந்தேன், சொல்லிவிடும் எண்ணத்தோடுதான். அதற்குள் சார் பேசிவிட்டார்.

"எங்க ஆளு செட்டிங்ல தப்பு பண்ணிட்டார்ங்க. நாளைக்குள்ள சரி பண்ணிடறோம். இல்லன்னா வேற ஆளை அனுப்பறேன்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "என்னம்மா?" என்றார்.

"ஒண்ணுமில்ல சார். நானும் திருத்துறைப்பூண்டி போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?"

"போங்க. நீங்க போனா முடிஞ்சிடும்."

அந்தக் கடைசி வார்த்தை பேருந்து மன்னார்குடி தாண்டும் வரை காதிலேயே நின்றது. சன்னலோர இடம்தான் கிடைத்திருந்தது. ஆனாலும் இருப்புக் கொள்ளவில்லை. பையை மடியில் வைத்தேன், கீழே வைத்தேன். பக்கத்து அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தார். வெளியே அறுப்பு மிஷின்கள் இறங்கியிருந்தன. அறுத்த வயல்களில் தாளுக்கு நடுவே உளுந்து முளைத்திருந்தது. எங்கள் ஊர் விலக்கில் பேருந்து நின்றபோது இறங்கி வீட்டுக்குப் போய்விடலாம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. இறங்கவில்லை.

ஆலைக்குள் தவிட்டுத் தூசி வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. அவர் சார்ட்டரின் முன்னால் ஸ்டூல் போட்டு ஏறி, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஊசியால் ஒரு நாசிலைக் குடைந்துகொண்டிருந்தார். தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூசி. என்னைப் பார்த்ததும் இறங்கினார்.

"நீங்களா? சார் அனுப்பினாரா?"

"நானாத்தான் வந்தேன். கொஞ்சம் வெளியில வாங்க."

நெல் காயும் களத்தின் ஓரத்தில் நின்று சொன்னேன். முடிவைப் பயன்படுத்தாமல் விட்டதையும் கம்பைலர் அந்த வேலையைத் தூக்கிப் போட்டதையும் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தேன். அவருக்குப் பாதியிலேயே புரிந்துவிட்டது. முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னேன்.

"எப்ப தெரிஞ்சுது?"

"நேத்து மத்தியானம்."

"நேத்து மத்தியானம்." கையில் இருந்த ஊசியைச் சட்டைப் பையில் குத்திவைத்தார். "நேத்து சாயந்திரம் இந்த ஆலைக்காரர் என்னை வேலை தெரியாதவன்னு சொன்னார். ஆளுங்க முன்னாடி. நானும் சரி, தெரியலை போலன்னு நின்னேன். எனக்கே சந்தேகம் வந்துடுச்சுங்க. மூணு நாளா இருக்கிற நாசிலை எல்லாம் கழட்டிட்டேன்."

"மன்னிச்சிடுங்க."

"சார்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப என்கிட்ட எதுக்கு வந்து சொல்றீங்க?"

உண்மையைச் சொன்னால், அவரிடம் சொல்லிவிட்டால் மனசு கொஞ்சம் அடங்கும் என்றுதான் மூன்று மணி நேரம் பேருந்தில் வந்திருக்கிறேன். அவருக்காக வரவில்லை. அது அவருக்கும் தெரிந்துவிட்டது.

"இப்ப பண்ணுங்க. என் முன்னாடி பண்ணுங்க" என்றார். குரல் உயரவில்லை. ஆனால் அவர் அப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதில்லை.

போன் போட்டேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னார், போட்டேன். சார் முழுவதையும் கேட்டார். நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்ப நாலரை ஓடாதா?" ஓடாது என்றேன். பிறகு, "ரெண்டு பேரும் அங்கேயே இருந்து எவ்வளவு ஓடும்னு பார்த்துச் சொல்லுங்க. இனிமே ஒரு எண்ணு சொல்றதா இருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

"ஆலைக்காரர்கிட்ட யார் சொல்றதுன்னு சார் சொல்லலையே" என்றார் அவர்.

"நானே சொல்றேன்."

அதன் பிறகு அவர் என்னிடம் வேலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. அன்று பிற்பகலிலிருந்து மறுநாள் மதியம் வரை அந்த ஓட்டப் பந்தயத்தை நாங்கள் மறுபடி நடத்தினோம், இந்த முறை நிஜ அரிசியை விட்டு. பழைய கம்பைலரின் நிரலை ஏற்றிக் கால் மணி நேரம் ஓட்டினோம். பிறகு புதியதைக் கால் மணி. மறுபடி பழையது. ஒன்றை முழுக்க முடித்துவிட்டு மற்றதை ஓட்டலாமே, ஏற்றி இறக்கும் நேரம் மிச்சம் என்றேன். "மத்தியானம் வெயில்ல போர்டு சூடாகி எதுவா இருந்தாலும் மெதுவாத்தான் ஓடும். அப்புறம் வெயிலைத்தான் அளந்திருப்போம்" என்றார். நான் மறுபடி பழையதை ஏற்றப் போனேன்.

அரிசி வந்து விழும் வாயில் ஓர் அக்கா உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு தடவையும் ஒரு கை அள்ளி நீலப் பிளாஸ்டிக் தட்டில் பரப்பி, விரலால் ஒதுக்கிக் கருப்பை எண்ணிச் சொல்வது அவர் வேலை. எந்த நேரத்தில் எந்தக் கம்பைலர் ஓடுகிறது என்று அக்காவிடம் சொல்லக் கூடாது என்று என்னோடு வேலை பார்ப்பவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்காவுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"என்னங்க, எனக்குக் கண்ணைக் கட்டி விளையாட்டு காட்டுறீங்களா?"

"நீங்க எண்ணுங்கக்கா. அது போதும்."

"இப்ப வர்றது தேவலை. இதுக்கு முன்னாடி வந்தது மோசம்" என்பார் திடீரென்று. நான் துள்ளி எழுந்து குறிப்பேட்டைப் பார்ப்பேன். சில சமயம் முன்னால் ஓடியது பழையதாக இருக்கும், சில சமயம் புதியதாக இருக்கும். ஐந்தாறு தட்டு வரை ஒன்றுமே பிடிபடவில்லை. எனக்குக் கால் நிற்கவில்லை. களத்தில் நடந்தேன், நெல் கிளறிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் சார்ட்டரின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். சாயங்காலம் ஊருக்குப் போய் அம்மா வீட்டில் தங்கினேன். அவர் ஆலை அறையிலேயே தங்கிக்கொண்டார். கூப்பிட்டேன், வரவில்லை.

மறுநாள் மதியம் இருபத்தைந்து தட்டு முடிந்தபோது எண்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. புதிய கம்பைலர் உண்மையிலேயே வேகம்தான். பத்தில் ஒரு பங்கு. பழையதில் மூன்று டன் சுத்தமாக ஓடியது என்றால், புதியதில் மூன்றே கால் ஓடியது. மூன்றரையில் வைத்தால் அக்காவின் தட்டில் கருப்பு கூடிவிட்டது.

"பத்துல ஒண்ணு. முதல் நாளே சொன்னீங்க" என்றேன்.

"நான் ஊகமாத்தான் சொன்னேன். அன்னிக்கு என்கிட்ட ஒண்ணும் கிடையாது" என்றார். அவர் அதைப் பணிவுக்காகச் சொல்லவில்லை. கணக்கில் எதையும் கூட்டிச் சொல்லக் கூடாது என்பதற்காகச் சொன்னார்.

ஆலை முதலாளி எடைமேடைக்குப் பக்கத்து அறையில் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். என்னோடு வேலை பார்ப்பவரும் உள்ளே வந்து ஓரமாக நின்றுகொண்டார். நான் சொன்னேன். கம்பைலர் என்ற சொல்லை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

"நாலரை ஓடும்னு சொன்னது என் சோதனையை வெச்சுதாங்க. அந்தச் சோதனை தப்பு. இவர் செட்டிங்ல ஒரு தப்பும் இல்ல. அப்பவே ஒருநாள் டைம் கேட்டார், நான்தான் வேண்டாம்னு சொன்னேன்."

"அப்ப தப்பு மிஷினுதா, உங்களுதா?"

"என்னுது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூட்டை திரும்பி வந்தப்ப நான் பட்ட அவமானம் இருக்கே" என்று ஆரம்பித்தவர், என்ன நினைத்தாரோ, பாதியில் நிறுத்திவிட்டார். ஓரமாக நின்றிருந்தவரைப் பார்த்து, "அன்னிக்கு உங்களைக் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன் தம்பி. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். பிறகு என்னிடம், "மூணேகாலும் நல்லதுதான். அதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. டீ சாப்பிட்டுட்டுப் போங்க."

மூன்று பேரும் டீ குடித்தோம். சர்க்கரை அதிகம்.

மன்னார்குடி வரை ஒரே பேருந்தில் வந்தோம், வேறு வேறு இருக்கையில். அங்கிருந்து அவர் கும்பகோணம் வழியாக ஊருக்குப் போவதாகச் சொன்னார். மறுநாள் ஞாயிறு. என் பேருந்து கிளம்புவதற்குள் சன்னல் வழியாக, "அந்தச் சோதனையை அழிச்சுடாதீங்க. அப்படியே வெச்சிருங்க" என்றார்.

"எதுக்கு?"

"எனக்கு வேணும். புதுசா யாராவது சேர்ந்தா காட்டணும்." அப்போதும் சிரிக்கவில்லை. ஆனால் இரண்டு நாளில் முதல்தடவையாக வேலை அல்லாத ஒன்றைச் சொல்லியிருந்தார். வேலையைப் பற்றித்தான் என்றாலும்.

அதற்கப்புறம் எல்லாம் சரியாகிவிடவில்லை. சார் என்னைத் திட்டவே இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. நான் எந்த எண்ணைச் சொன்னாலும் அவர் கண் ஒரு நொடி அந்தப் பக்கத்து மேசைக்குப் போய்விட்டுத் திரும்பும். பக்கத்து மேசைக்காரர் பங்குனி முடிய என்னோடு மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. டப்பாவைத் திறந்து கணினிக்கு முன்னாலேயே சாப்பிட்டுக்கொள்வார். சித்திரையில் ஒருநாள் வீட்டிலிருந்து கருவாட்டுத் தொக்கு கொண்டுவந்திருந்தார். ஒரு கரண்டி எடுத்து என் தட்டில் வைத்துவிட்டு, அந்தப் போர்டில் நேற்று எத்தனை டிகிரி சூடு காட்டியது என்று கேட்டார். சொன்னேன். அன்றிலிருந்து மறுபடி சேர்ந்து சாப்பிட ஆரம்பித்தோம்.

ஐப்பசியில் அவருக்கு ஓசூர்ப் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டார். நல்ல சம்பளம். போகும்போது பழைய ஓட்டங்களின் எண்கள் எல்லாம் இருந்த கோப்பை என்னிடம் ஒப்படைத்தார். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அன்றைய அறை வெப்பம், எத்தனையாவது ஓட்டம், கரண்ட் போய் வந்ததா என்றெல்லாம் எழுதியிருந்தார்.

போன வாரம் அந்தப் புதிய கம்பைலரின் அடுத்த பதிப்பு வந்தது. ஏற்றி ஓட்டிப் பார்த்தேன். முந்தையதைவிட ஐந்தில் ஒரு பங்கு வேகம் காட்டுகிறது. எழுந்துவிட்டேன். கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்து, அது தயாரித்த கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். எழுபது வரியும் இருக்கின்றன. காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, மழை பெய்து குளிர்ந்த பிறகு ஒருமுறை ஓட்டியாயிற்று. நேற்று ஒரு மூட்டை அரிசியை வரவழைத்து விட்டுப் பார்த்தேன். இன்னும் சாரிடம் சொல்லவில்லை. ஓசூருக்கு எண்களை அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டார் என்று போன் காட்டுகிறது. பதில் வரவில்லை. அரை மணி நேரமாக நடந்துகொண்டிருக்கிறேன்.